அலையின் முதுகைப் பார்க்க ஆளுக்கு 400 ரூபாய்

மீன்பிடிப் படகில் கடலுக்குள் போய் அலை பார்த்துவிட்டு வரும் ஒரு சவாரியைப் பற்றி எழுதுகிறேன். முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட்டில் கருவாட்டு வாடை அடிக்கும். எங்களுக்குக் கொடுத்ததில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை, நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உட்காரும் பலகையில் மெத்தை கிடையாது. என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய தலையணை எடுத்துப் போவது இடுப்புக்கு நல்லது. படகில் நிழல் இல்லை. கழிப்பறை இருக்காது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு 400 ரூபாய், ஆனால் ஆறு பேர் காசு கொடுத்தால்தான் படகு எடுப்பார்கள். நாங்கள் ஐந்து பேர் போய் 2400 கொடுத்துவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் வர மாட்டார்கள்.

இத்தனைக்கும் அடுத்த மாசியிலும் நான் போவேன்.

நான் பாளையங்கோட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 26 வருஷமாக இயற்பியல் சொல்லித் தருகிறவள். அலைகள் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கரும்பலகையில் நெளிநெளியாக ஒரு கோடு, மேலே முகடு, கீழே அகடு, நடுவில் அலைநீளத்துக்கு ஒரு அம்புக்குறி. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். திருச்செந்தூர் கடலில் கால் நனைத்தது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஆனால் அத்தனை தடவையும் கரையில் நின்று அலையின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் படகுக்காரர் அதன் முதுகைக் காட்டினார். காசு அதற்குத்தான்.

இடம் மணப்பாடு. 1986இல் தூத்துக்குடி மாவட்டத்தைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் அம்மாவுக்கு இன்னும் அது திருநெல்வேலிச் சீமைதான். திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே, குலசை என்கிற குலசேகரன்பட்டினமும் கடந்தால், பனைகளுக்கு நடுவே ஒரு சாலை கடலுக்குப் போகும். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணற்பாறைக் குன்று. உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கினார் என்று சொல்லும் குகை. கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது அந்த மூக்குதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். ஃபைபர் படகு, பின்னால் எஞ்சின். வார நாட்களில் மீன்பிடி, சனிக்கிழமை காலை மட்டும் சவாரி. ஞாயிறு பூசை நாள், அன்று அந்த ஊரில் கடலுக்குப் போக மாட்டார்கள். "பேரைப் போட்டுராதீங்க டீச்சர், கூட்டம் வந்தா என்னால ஏலாது" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. ஊரில் சவாரிப் படகு என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

முதல் தடவை நான் பதிவு செய்தது 2024 மே முதல் வாரத்துக்கு. முன்பணம் 500 அனுப்பியாயிற்று. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.

"டீச்சர், நாளைக்கு வராதீங்க. கள்ளக்கடல்னு சொல்லுதாவ."

எங்கள் தெருவில் அன்றைக்கு வேப்பிலை அசையவில்லை. காற்றே இல்லையே அண்ணாச்சி என்றேன்.

"காத்து இங்கன அடிக்கணும்னு என்ன இருக்கு? எங்கயோ அடிச்சிருக்கும்லா."

எனக்கு ஒரே எரிச்சல். கார் சொல்லியாயிற்று, தங்கை மகன் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் ஒரு பீரியட் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்வதை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரை மீனவர்களின் சொல். திருடன் மாதிரிச் சத்தமில்லாமல் வரும் கடல். விஞ்ஞானிகளும் இப்போது அதே சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு இந்தப் பக்கம், புயல் அடிக்கும். அங்கே எழும்பின அலைகளில் நீளமானவை எல்லாவற்றுக்கும் முந்தி ஓடி வரும், ஏனென்றால் ஆழ்கடலில் நீள அலைக்குத்தான் வேகம் அதிகம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 16 விநாடி இடைவெளி உள்ள அலை ஏறக்குறைய 400 மீட்டர் நீளம் இருக்கும். முகடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அலைக்கூட்டம் மொத்தமாக முன்னேறுவது அதில் பாதி வேகத்தில்தான். 5000 கிலோமீட்டர் தாண்டிவர நான்கரை நாள் ஆகும். புயல் அங்கேயே ஓய்ந்திருக்கும், இங்கே வேப்பிலை அசையாது, அலை மட்டும் வந்து சேரும். வால்டர் மங்க் என்கிற கடல் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 1963இல் பசிபிக் கடலில் தெற்கிலிருந்து கிளம்பின அலைகளை அலாஸ்கா வரைக்கும் தீவு தீவாகக் காத்திருந்து அளந்தார்கள். எங்கள் அண்ணாச்சிக்கு மங்க்கைத் தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையை அவர் போனில் பார்த்துவிடுவார், அவ்வளவுதான்.

அதே வாரம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோயிற்று. செய்தியைப் பார்த்த அன்று நான் அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ரத்துச் செய்த மறுநாள் காலை ஏழு மணிக்கே 500 ரூபாய் திரும்பி வந்துவிட்டது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். முன்பணத்தை அப்படித் திருப்பித் தருகிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்று இரண்டு வருஷமாக இழுத்தடிக்கிறது.

சரி, சவாரிக்கு வருவோம். அடுத்த வருஷம் மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான், வீட்டுக்காரர், என் தங்கை, அவள் மகன், பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள். காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாக ஏழு மணிக்கெல்லாம் மணப்பாடு போய்விட்டோம். வெறும் வயிற்றில் வராதீர்கள், வயிறு முட்டவும் தின்றுவிட்டு வராதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். தங்கை மகன் ஆத்தூர் பக்கம் ஒரு கடையில் நான்கு பூரி சாப்பிட்டான். அதன் கதை பின்னால் வரும்.

அண்ணாச்சி எங்களை உடனே படகில் ஏற்றவில்லை. குன்றுக்குத் தெற்கே கூட்டிப்போய் ஐந்து நிமிஷம் நிற்க வைத்தார். அங்கே அலை பாறையில் அறைந்துகொண்டிருந்தது, பேசினால் காது கேட்கவில்லை. பிறகு குன்றைச் சுற்றி வடக்கே வந்தோம். அதே கடல், நடந்து வர எவ்வளவு நேரமாகும், ஆனால் இங்கே குளம் மாதிரிக் கிடந்தது. படகுகள் சோம்பேறித்தனமாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்த மலை இல்லன்னா இந்த ஊரே இல்ல" என்றார்.

தங்கை மகளுக்கு அங்கேயே ஒரு சந்தேகம். "பெரியம்மா, மலை மறைக்குதுன்னா அலையே வரக்கூடாதுல்லா. இங்கயும் கொஞ்சம் வருதே, அதுவும் கரையப் பாத்துத் திரும்பி வருதே?"

பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் நெல்லையப்பர் தேர். ஆனித் தேரோட்டத்தில் தேரை மூலையில் எப்படித் திருப்புகிறார்கள்? ஒரு பக்கச் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுவார்கள். அந்தப் பக்கம் தாமதப்படும், மறுபக்கம் ஓடும், தேர் தானாக வளையும். அலைக்குச் சறுக்குக்கட்டை கடலின் தரை. நீண்ட முகட்டின் ஒரு முனை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைகிறது, ஆழத்தில் இருக்கும் மறுமுனை குறையாமல் ஓடுகிறது, முழு வரிசையும் கரையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. கடலில் எந்தத் திசையிலிருந்து அலை கிளம்பினாலும், கரைக்கு வரும்போது அநேகமாக நேராகவே வருவதன் ரகசியம் இதுதான். துருத்திக்கொண்டிருக்கும் முனையில் அலைகள் இரண்டு பக்கமிருந்தும் குவியும், அதனால்தான் தெற்கே அலை அப்படி அறைகிறது. மறைவில் இருக்கும் வளைவில் அதே அலை விரிந்து இளைத்துப்போகும், அதனால்தான் இங்கே கூடை கழுவ முடிகிறது.

படகில் ஏறினோம். ஓரத்தைப் பிடித்து அண்ணாச்சியும் அவர் மகனும் தள்ள, எஞ்சின் இரைய, முனையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்ததும் படகு ஏறி இறங்க ஆரம்பித்தது. தங்கை மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். கால் மணி நேரம் ஓட்டி ஒரு இடத்தில் நங்கூரம் போட்டார். ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கிக் கையால் அளந்து, "எட்டுப் பாகம்" என்றார். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஏறக்குறைய 15 மீட்டர்.

"எஞ்சினை அமத்துதேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருந்து பாருங்க."

இந்த அரை மணி நேரத்துக்காகவே போகலாம். எஞ்சின் நின்றதும் சத்தமே இல்லை. கடல் பெரிதாக மூச்சு விடுவது மட்டும் உடம்பில் தெரிகிறது. நுரை இல்லை, வெள்ளை இல்லை, எண்ணெய் தடவின மாதிரி மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, படகைத் தூக்கி, இறக்கி, கரையைப் பார்த்துப் போகின்றன. படகு பள்ளத்தில் இறங்கும்போது கரையில் நிற்கும் மனிதர்கள் மறைந்துபோவார்கள். கோயில் சிலுவை மட்டும் தெரியும். ஏறும்போது ஊரே திரும்பி வரும்.

அப்போது அவர் மகன் விளக்கவுரை ஆரம்பித்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், நல்ல பையன், ஆனால் எங்கோ மனப்பாடம் செய்திருக்கிறான். "இந்த அலை ஆயிரம் கிலோமீட்டருக்கு அங்கருந்து தண்ணியத் தள்ளிட்டு வருது சார்" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வலையில் கட்டும் மிதவை ஒன்றைக் கயிற்றோடு வாங்கித் தண்ணீரில் விட்டோம். அலை வந்தது, மிதவை உயர்ந்து, கொஞ்சம் முன்னால் போய், இறங்கி, பின்னால் வந்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. அடுத்த அலை, அதே கதை. வருவது அசைவு, தண்ணீர் இல்லை. வாய்க்கால் வரப்பில் நின்று பார்த்தால் நெல் வயலில் காற்று ஓடும், நெல் ஓடாது, அதுபோல. பையன் தலையைச் சொறிந்தான். அண்ணாச்சி, "நான் சொன்னா கேக்க மாட்டான், டீச்சர் சொன்னா கேப்பான்" என்று சிரித்தார்.

தங்கை மகள் மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து அலையை எண்ணினாள். இரண்டு நிமிஷம். அப்படியென்றால் ஒன்றுக்கு 12 விநாடி. ஒரு தாளில் கணக்குப் போட்டோம், தாள் நனைந்தது, மிச்சத்தை வீட்டுக்கு வந்து முடித்தேன். 12 விநாடி அலை ஆழ்கடலில் 225 மீட்டர் நீளம், மணிக்கு 67 கிலோமீட்டர் வேகம், நம் ஊர் பைபாஸில் போகிற பஸ். அலைநீளத்தில் பாதி ஆழம் இருக்கும்வரை அதற்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் அலைக்கு அது 112 மீட்டர். ஆழம் அதைவிடக் குறைந்ததும் அடி தட்டுப்பட ஆரம்பிக்கிறது. நாங்கள் நங்கூரம் போட்ட 15 மீட்டரில் வேகம் 41, நீளம் 135. இன்னும் உள்ளே, 2 மீட்டர் ஆழத்தில் வேகம் 16, சைக்கிள்தான். நீளம் 53 மீட்டர். மாறாதது ஒன்றே ஒன்று, அந்த 12 விநாடி. வெளியே நிமிஷத்துக்கு ஐந்து அலை நுழைந்தால் கரையிலும் ஐந்துதான் வந்தாக வேண்டும், நடுவில் ஒன்றும் காணாமல் போகாது.

இப்போது தேரோட்டக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர்கள் நடை தளர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் நெருக்கிக்கொண்டு வருவார்கள். 225 மீட்டரில் பரந்து கிடந்த சக்தியை 53 மீட்டருக்குள் நெருக்கினால் அது மேலேதான் எழும்ப வேண்டும். ஆனால் தரை தட்டின உடனே எழும்புவதில்லை. முதலில் ஒரு துளி உயரம் குறையவும் செய்யும், எங்கள் 15 மீட்டரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைவு. கரையை நெருங்க நெருங்கத்தான் கிடுகிடுவென்று ஏறும். வெளியே 1 மீட்டர் இருந்த அலை 2 மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மீட்டராகிவிடும். அதோடு சரி. அலையின் உயரம் தண்ணீர் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் அலை நிற்காது. அடியில் தடுக்கினவன் தலைகுப்புற விழுகிற மாதிரி மேல்பாகம் முந்திக்கொண்டு விழும். அதுதான் நாம் கரையில் பார்க்கும் வெள்ளை.

"அலை எங்கன உடையும் சொல்லுங்க பாப்போம்" என்றேன் அண்ணாச்சியிடம், பரீட்சை வைக்கிற மாதிரி.

"ஒரு பாகத்துல. ஒரு பாகம், ஒண்ணேகால் பாகம்."

ஒரு பாகம் 1.8 மீட்டர். என் கணக்கு 2. நான் பேசாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதற்குள் பூரி தன் வேலையைக் காட்டிவிட்டது. தங்கை மகன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன் நிமிரவில்லை. அவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், கரையைப் பார்க்கச் சொன்னார்கள். ஜாக்கெட்டின் கருவாட்டு வாடையும் உதவி செய்தது. நிற்கிற படகில்தான் குமட்டல் அதிகம் என்பது அனுபவ உண்மை. ஓடத் தொடங்கினதும் தெளிந்துவிட்டான்.

திரும்பும்போது கழிமுகத்தின் மணல் திட்டுக்கு வெளியே படகை நிறுத்தினார். அங்கேதான் நான் வாயைப் பிளந்தேன். எங்களுக்கு முன்னால் முப்பது நாற்பது மீட்டரில் அலைகள் உடைகின்றன, கரையில் நிற்கும் பையன்கள் குதித்துக் கூச்சல் போடுவது தெரிகிறது, ஆனால் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை! வழவழவென்று ஒரு முதுகு போகிறது, போகிறது, சட்டென்று அந்த இடத்தில் பள்ளம், மேலே கொஞ்சம் தூவானம், அவ்வளவுதான். சத்தம்கூட அடங்கித்தான் கேட்கிறது. சுருண்டு விழும் முகம், வெள்ளை நுரை, அந்த மிரட்டல் எல்லாம் கரைக்காரர்களுக்கு மட்டும். கடல் பக்கமிருந்து வருகிறவனுக்குத் தன் முன்னால் எவ்வளவு பெரிய அலை உடைகிறது என்று தெரியவே தெரியாது. சின்னப் படகுகள் கரையேறும்போது ஏன் கவிழ்கின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 26 வருஷம் நான் பலகையில் போட்ட கோட்டில் இது இல்லை.

அங்கிருந்து இன்னொன்றும் காட்டினார். உடையும் வெள்ளை வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி. அங்கே அலை உடையவில்லை, தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக, அமைதியாக இருந்தது. "குளிக்க நல்ல இடம்னு எல்லாரும் அங்கனதான் எறங்குவாவ" என்றார். உண்மையில் அலைகள் கரையில் கொட்டின தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. ஆழமாக இருப்பதால்தான் அலை அங்கே உடைவதில்லை. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெள்ளை இருக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும், அங்கே அலையே கரைக்குத் தள்ளும். படகுக்காரர்களுக்கு அதே இடைவெளி வெளியே போகும் வாசல். இதைப் பிள்ளைகளுக்கு அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

கரையேறுவது பத்து நிமிஷ வேலை, அதில் எட்டு நிமிஷம் காத்திருப்பு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கரையைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு போவட்டும்." போயிற்று. "இன்னொண்ணு வருது, பெரிசு." அதுவும் போயிற்று. ஏழாவது அலைதான் பெரிசு என்று மகன் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல, அப்பா திரும்பாமலே "ஏழும் இல்ல, எட்டும் இல்ல, கண்ணு இருக்குல்லா, பாருல" என்றார். அலைகள் கூட்டமாக வந்து ஓய்வது நிஜம்தான். 12 விநாடி அலை ஒரு கூட்டமும் 13 விநாடி அலை ஒரு கூட்டமும் ஒன்றாக வந்தால், 156 விநாடிக்கு ஒருமுறை இரண்டின் முகடும் ஒன்றுசேரும், அப்போது பெரிசு வரும். அந்தக் கணக்கில் பதின்மூன்றாவது. வேறொரு நாள் வேறொரு எண் வரும். ஏழுக்கு ஒரு மகிமையும் இல்லை.

பிறகு திடீரென்று எஞ்சினை முறுக்கினார். ஒரு அலையின் முதுகில் படகை ஏற்றி, அதே வேகத்தில், அதை முந்தாமலும் அதிலிருந்து பின்தங்காமலும், அது எங்களுக்கு முன்னால் நுரையாக உடைய உடைய, பின்னாலேயே போனோம். முந்தினால் மூக்குக் குத்திப் படகு குறுக்கே திரும்பும். பின்தங்கினால் அடுத்தது வந்து மேலே விழும். முப்பது விநாடி இருக்குமா? அடி மணலில் உரசியது. தங்கை கண்ணைத் திறந்தாள்.

கரையில் நிற்கும்போது பிள்ளை சுனாமியைப் பற்றிக் கேட்டாள். 2004இல் அதுவும் இதே விதிதான், ஆனால் அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு நான்கு கிலோமீட்டர் ஆழக் கடலும் ஆழமில்லாத தண்ணீர்தான், அங்கேயே தரை தட்டிக்கொண்டு மணிக்கு 700 கிலோமீட்டரில் வரும். நடுக்கடலில் செயற்கைக்கோள் பார்த்தபோது உயரம் அரை மீட்டர் சொச்சம். "கடல்ல நின்னிருந்தா தெரிஞ்சிருக்காது" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கும் ஞாயித்துக்கிழமதான்." வேறு ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாப்பாடு தனி, ஆளுக்கு 150. அவர் தங்கை வீட்டில் போடுகிறார்கள். தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு, பொரித்த நெத்திலி, சோறு, ரசம். குழம்பு முதல் தரம், நெத்திலியில் உப்பு கூடுதல். கேட்டால் இன்னும் சோறு போடுவார்கள், குழம்பு கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வரும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். அது வேறு கதை.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனியில் கேளுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று இழுக்கும்போது கேட்டால் போனிலேயே திட்டுவார். மொபைலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, தலைக்கு ஒரு துண்டு. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் ஜாக்கெட் இல்லை, ஆகவே பத்து வயதுக்குக் கீழே கூட்டிப்போகாதீர்கள். இதை அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார். மகனின் விளக்கவுரைக்குக் காதைக் கொடுக்க வேண்டாம். அப்பா வாயைத் திறந்தால் விடாதீர்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்தக் கொக்கி இல்லாத ஜாக்கெட்டுக்கு. கடலில் கயிற்றுக் கட்டை நம்ப முடியாது.

இதை எழுதுவதற்கு முன் நேற்று அவருக்குப் போன் செய்து, கொக்கி போட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"போட்டாச்சு டீச்சர். எல்லாத்துக்கும் புதுசு. வாடைதான் போவ மாட்டேங்கு."